மைக்கில் சொன்னதை அப்பாவிடம் சொன்னாயா?

கேள்வி: வேளாண்மை இளநிலை இறுதியாண்டு படிக்கிறேன். முதலில் என்.எஸ்.எஸ்.-ல் இருந்தேன். இப்போது ராவே என்ற கிராம வேளாண் பணி அனுபவத் திட்டத்தில் கிராமத்தில் தங்கியிருக்கிறோம். 11 பேர் கொண்ட குழுவுக்கு நான்தான் தலைவி. பேனர் அடிப்பதிலிருந்து பஞ்சாயத்துத் தலைவரைப் பார்ப்பது வரை எல்லாம் என் தலையில்தான். மற்றவர்கள் போட்டோ எடுக்கும்போது மட்டும் முன்வரிசைக்கு வந்துவிடுகிறார்கள். போன வாரம் தென்னை வெள்ளை ஈ பற்றி மூன்று கிராமங்களில் செயல்விளக்கம் நடத்தினோம். ஒரு வேளைகூட நிம்மதியாகச் சாப்பிடவில்லை. எங்கள் தோப்பில் அப்பா மருந்தடிக்க ஆள் விட்டிருக்கிறார் என்று அம்மா போன் பண்ணினார், அதைக்கூட முழுசாகக் கேட்க நேரமில்லை. சிறந்த மாணவி விருதுக்கு என் பெயரும் போயிருக்கிறது. பொறுப்பை விட்டுவிடலாமா? இல்லை, மற்றவர்களைப் பற்றி சாரிடம் சொல்லிவிடலாமா?
– பெயர் வேண்டாம், ஆனைமலை பக்கம்

பதில்: போட்டோவுக்கு மட்டும் வருகிறவர்களைப் பற்றி எனக்கு மாதம் நாலு கடிதமாவது வரும். கோயில் கமிட்டி, குடியிருப்போர் சங்கம், பள்ளி ஆண்டு விழா என்று இடம்தான் மாறும். உன் கடிதத்தையும் அந்தக் கட்டோடு சேர்த்துக் கட்டியிருப்பேன். ஆனால் அதில் ஒரு வரி என்னை விடவில்லை.

அப்பா மருந்தடிக்க ஆள் விட்டிருக்கிறார். எதற்கு? நீ எழுதவில்லை. கேட்டிருந்தால்தானே எழுத! ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு, மூன்று கிராமத்தில் வெள்ளை ஈ என்றால், உங்கள் தோப்பில் மட்டும் வேறென்ன இருக்கப் போகிறது?

எங்களுக்கும் இரண்டு ஏக்கர் தென்னை உண்டு, அதனால் இந்தச் சனியனை எனக்குத் தெரியும். ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ 2016-ல் பொள்ளாச்சி வட்டாரத்தில்தான் முதலில் கண்ணில் பட்டது. ஓலையின் அடிப்பக்கம் சுருள் சுருளாக முட்டையிட்டு, சாற்றை உறிஞ்சி, தேன் மாதிரி ஒழுகவிடும். அது விழுகிற கீழ் ஓலையெல்லாம் கரும்பூசணம் படிந்து கரி பூசினதுபோல ஆகும். பார்த்தாலே வயிறு பற்றி எரியும். உடனே மருந்துக்கடைக்கு ஓடத் தோன்றும். ஆனால் உன் பல்கலைக்கழகமே வருடக்கணக்காகச் சொல்வது என்ன? பூச்சிக்கொல்லி அடிக்காதே, அடித்தால் ஈயைத் தின்று கட்டுப்படுத்துகிற என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவியும் சேர்ந்து சாகும், ஈ இன்னும் பெருகி வரும். ஏக்கருக்கு எட்டு மஞ்சள் ஒட்டுப்பொறி, விளக்கெண்ணெய் தடவிக் கட்டு. ஓலையின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சியடி. கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்துத் தெளி. இதைத்தானே மூன்று ஊரில் மைக் பிடித்துச் சொன்னாய்?

அதே வாரம் உன் வீட்டுத் தோப்பில் ஸ்பிரேயர் ஓடியிருக்கிறது. அம்மா போன் போட்டது ஊர்க்கதை பேசவா? "நீ படித்தவள், இது சரியா என்று சொல்லு கண்ணு" என்று கேட்கத்தான் போட்டிருப்பார். அப்பா நேராகக் கேட்க மாட்டார், அம்மா வழியாகத்தான் கேட்பார். நம் வீடுகளில் அப்பாக்கள் அப்படித்தான். நீ பாதியில் வைத்துவிட்டாய்.

சைதாப்பேட்டையில் 1868-ல் தொடங்கிய வேளாண் பள்ளி, 1906-ல் கோயம்புத்தூருக்கு வந்து, 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அங்கிருந்து பொள்ளாச்சி ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே பஸ். அவ்வளவு பக்கத்திலிருந்தும் அந்தப் படிப்பு உன் அப்பாவின் தோப்புக்குப் போய்ச் சேரவில்லை. இத்தனைக்கும் படித்தவள் அவர் பெற்ற பிள்ளை.

நேரமில்லை என்கிறாய். நான் நம்பவில்லை. பேனர் அடிக்க நேரம் இருந்திருக்கிறது. உன் பயம் வேறு. ஊர்க்காரர்கள் மரியாதைக்குக் கைதட்டுவார்கள், டீ கொடுப்பார்கள், "நல்லாப் பேசுச்சு புள்ள" என்பார்கள். அப்பா அப்படியா? "பொறி எவ்வளவு? எண்ணெய் காய்ந்தால் யார் போய்த் தடவுவது? மருந்தடிக்காமல் விட்டுக் காய் குறைந்தால் உன் பீஸை யார் கட்டுவது?" என்று கேட்பார். அந்தக் கேள்விகளுக்கு உன்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாத விஷயத்தைத்தான் மூன்று ஊருக்கும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாய்.

என் அண்ணன் வேளாண்மை படித்தவர். முதல் விடுமுறைக்கு வந்ததும் அப்பாவிடம், நிலக்கடலை விதையை, நோயைத் தடுக்கிற ட்ரைக்கோடெர்மா பூஞ்சை கலந்து விதைக்கணும், கிலோவுக்கு நாலு கிராம் என்றார். அப்பா முகத்தைக் கூடப் பார்க்கவில்லை. "மேற்கு மூலையில் நாலு சால் போட்டுக் காட்டு" என்றார். அண்ணனுக்கு அவமானம். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அப்புறம் போட்டார். அந்த நாலு சாலை அப்பா காலையும் மாலையும் போய்ப் பார்ப்பார், எங்களுக்குத் தெரியக்கூடாது என்று மாட்டை மேய்க்கிற சாக்கில் போவார். அடுத்த வருடம் காடு முழுக்க அண்ணன் சொன்னபடிதான். அண்ணன் பிறகு எத்தனையோ கூட்டத்தில் பேசியிருக்கிறார், ஆனால் தான் கற்றுக்கொண்டது அந்த நாலு சாலில்தான் என்பார்.

பெற்றவர்களுக்குப் பிள்ளைகள் கடன்பட்டவர்கள் என்று நினைக்கிறவள் நான். பழைய கட்சி என்று சிரித்துக்கொள், பரவாயில்லை. அப்பா தோப்பு வருமானத்தில் படிக்கிற பெண், அந்தத் தோப்பைப் பற்றி வந்த போனை வைத்துவிட்டு ஊர்த்தோப்பைக் காப்பாற்றப் போனாள் என்றால் எனக்குக் கோபம்தான் வருகிறது. சேவை என்ற வார்த்தையை அங்கே வைக்க எனக்கு மனசு வரவில்லை. என்.எஸ்.எஸ்.-ல் இரண்டு வருடத்துக்கு 240 மணி நேரம் கணக்கு வைத்தாய் அல்லவா, அதில் ஒரு மணி நேரத்தை அம்மாவுக்கு ஒதுக்கியிருக்கலாம்.

சரி, உன் பத்துப் பேர். அவர்களைப் பற்றி சாரிடம் போகாதே. போட்டோதான் வேலை என்று அவர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தது? பேனர், மைக், முன்வரிசை, அடுத்த ஊர் என்று ஓட்டியது நீதானே! ஆளுக்கு ஒரு தோப்பைக் கொடுத்துப் பார். பொறியை அவர்களே கட்டட்டும். வாரம் ஒருமுறை போய் தூசியைத் துடைத்து எண்ணெய் தடவட்டும். ஓலையின் அடியில் லென்ஸ் வைத்து, வெள்ளை ஈயின் கூட்டில் ஒட்டுண்ணி வெளியேறிய வட்ட ஓட்டை இருக்கிறதா என்று எண்ணட்டும். தோப்புக்காரர் பெயர் தெரிந்து, அவர் வீட்டு நாய் குரைப்பதை நிறுத்தின பிறகு எவனும் போட்டோவுக்கு முந்த மாட்டான். அப்படியும் இரண்டு பேர் வராமல் இருப்பார்கள். இருக்கட்டும், எல்லாக் குழுவிலும் உண்டு.

விருது கிடைக்குமா கிடைக்காதா எனக்குத் தெரியாது, அதில் எனக்கு அக்கறையும் இல்லை. பொறுப்பை விடுவதா என்பதை அடுத்த மாதம் கேள்.

இந்தச் சனிக்கிழமை அனுமதி வாங்கிக்கொண்டு ஊருக்குப் போ. எட்டுப் பொறி எடுத்துப் போ, உன் காசில். ஒரு ஏக்கரை மட்டும் மருந்தில்லாமல் விடச் சொல்லி அப்பாவிடம் கேள், கெஞ்சினாலும் தப்பில்லை. அவர் கேட்கிற ஒவ்வொரு கேள்வியையும் நோட்டில் எழுது. அதற்கெல்லாம் முன்னால் இன்றைக்கு ராத்திரி அம்மாவுக்குப் போன் போடு. அன்றைக்கு என்ன சொல்ல வந்தார் என்று கேட்டுவிட்டு, முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இரு.