அந்தரத்தில் நிற்கும் ஹெலிகாப்டரிலிருந்து குதிப்பது எப்படி இருக்கும்? (கேள்வி பதில்)

சுவிட்சர்லாந்தின் பெர்னர் ஓபர்லாண்ட் மலைப்பகுதியில், இன்டர்லாக்கனையும் லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கையும் ஒட்டி, ஹெலிகாப்டரில் ஏறி வானிலிருந்து குதிக்கும் வசதி பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. யுங்ஃபிராவ் மலையைப் பார்க்க வரும் நம் ஊர்ப் பயணிகளில் பலர், பயிற்றுநரின் மார்போடு பிணைக்கப்பட்டுக் குதிக்கும் டேண்டம் குதிப்புக்குப் பதிவு செய்வதற்கு முன் என்னிடம் ஐயங்களைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். நான் பெர்ன் நகரில் வசிக்கிறேன். பதினான்கு ஆண்டுகளாகக் குதித்து வருகிறேன். விமானம், ஹெலிகாப்டர், வெப்பக்காற்று பலூன் ஆகிய மூன்றிலிருந்தும் குதித்த அனுபவத்தை வைத்து இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

கேள்வி (கோயம்புத்தூர்): துபாயில் விமானத்திலிருந்து ஒருமுறை குதித்திருக்கிறேன். ஹெலிகாப்டர் முற்றிலும் வேறு அனுபவம் என்கிறார்கள். கீழே விழுவதில் என்ன வேறுபாடு இருக்க முடியும்?

பதில்: வேறுபாடு முழுவதும் முதல் பத்து வினாடிகளுக்குள் அடங்கிவிடுகிறது, அதற்குப் பிறகு இரண்டும் ஒன்றுதான். குதிக்கும் நேரத்தில் விமானம் மணிக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர் வேகத்தில் முன்னோக்கிப் பறந்துகொண்டிருக்கும். கதவைத் தாண்டிய கணமே அந்தக் காற்று உங்கள் மார்பில் மோதித் தாங்கிக்கொள்ளும். அதன் மீது சாய்ந்தபடியே மெல்லக் கீழ்நோக்கி வளைந்து செல்வீர்கள். துபாயில் நீங்கள் உணர்ந்தது இதைத்தான். அந்தரத்தில் நிற்கும் ஹெலிகாப்டரிலோ உங்களைத் தாங்க அப்படி ஒரு காற்று கிடையாது. விழ விழ உங்கள் வேகமேதான் அந்தக் காற்றை உண்டாக்க வேண்டும். முதல் வினாடியில் ஐந்து மீட்டர், இரண்டாவது வினாடி முடியும்போது இருபது மீட்டர் என்று இறங்குகிறீர்கள். மூன்றாவது வினாடியின் முடிவில்தான் வேகம் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தொடுகிறது. லாட்டர்புருன்னன் ஊருக்கு மேலே விழும் ஸ்டாப்பாக் அருவியின் உயரம் 297 மீட்டர். அந்த உயரத்தைக் கடக்க நமக்கு ஏறத்தாழப் பத்து வினாடிகள் ஆகின்றன. அப்போதுதான் வேகம் மணிக்கு 190 முதல் 200 கிலோமீட்டரை எட்டி, அதற்கு மேல் கூடாமல் நிலைக்கிறது.

அந்தப் பத்து வினாடிகளில் என் மனத்தில் பதிந்திருப்பது ஒலிதான். காலை எடுத்த கணம் தலைக்கு மேல் விசிறி இரைகிறது; அது மேலே விலகிச் செல்லச் செல்ல, ஓரிரு வினாடிகளுக்கு ஒரு நிசப்தம் வருகிறது. பிறகு தலைக்கவசத்தின் தாடை வார் காதோரத்தில் மெல்லத் துடிக்கத் தொடங்குகிறது, சட்டையின் கை படபடக்கிறது, அதன் பிறகே காற்று முழுக் குரலோடு இரைகிறது. காற்று ஒன்றுமில்லாமையிலிருந்து பிறந்து வளர்வதை இப்படிக் காதால் கேட்கும் வாய்ப்பை விமானம் தருவதில்லை. பலூன் தரும், அங்கே விசிறியின் இரைச்சலும் இல்லாததால் இன்னும் தெளிவாகவே கேட்கும்.

கேள்வி (மதுரை): திருவிழா ராட்டினத்தில் இறங்கும்போதே எனக்கு வயிறு கலங்கும். அதே உணர்வு வருமா?

பதில்: வரும். விமானத்திலிருந்து குதித்தவர்கள் வயிற்றில் எதுவும் தெரியவில்லை என்று சொல்வது உண்மை, ஏனெனில் அங்கே காற்று தொடக்கத்திலிருந்தே உடலின் எடையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்கிறது. நிற்கும் ஹெலிகாப்டரிலிருந்து விழும்போது முதல் இரண்டு மூன்று வினாடிகளுக்கு நீங்கள் ஏறத்தாழ எடையற்றவர். குடலும் காதுக்குள்ளிருக்கும் சமநிலை உறுப்பும் அதை உடனே மூளைக்குத் தெரிவித்துவிடும். ராட்டினத்தில் அந்த உணர்வு வந்துவந்து போகும், இங்கே ஒருமுறை வந்து நாலைந்து வினாடிகளில் காற்று தாங்கத் தொடங்கியதும் அடங்கிவிடும். முந்தைய இரவு உறக்கம் கெடாமலும், காலையில் வயிற்றைக் காயப் போடாமலும் வாருங்கள். இரண்டு இட்லி அளவுக்கு ஏதேனும் சாப்பிட்டிருப்பது நல்லது.

கேள்வி (சென்னை): ஹெலிகாப்டர் உண்மையிலேயே அசையாமல் நிற்குமா? அவ்வளவு உயரத்தில் அதற்கு வலு இருக்குமா?

பதில்: பல நேரங்களில் முழுமையாக நிற்பதில்லை. 4,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான்; அந்தரத்தில் நிற்பதற்கோ மெதுவாக முன்னேறுவதைவிட அதிக ஆற்றல் தேவைப்படுகிறது. அதனால் எடை, வெப்பம், காற்று மூன்றையும் பார்த்துவிட்டு விமானி சற்று முன்வேகத்தை வைத்துக்கொள்வதுண்டு. அப்போது நான் மேலே சொன்ன நிசப்தம் கொஞ்சம் குறையும். வலுவைப் பற்றிக் கவலை வேண்டாம்: 2005 மே மாதம் திதியே டெல்சால் என்ற பிரெஞ்சு விமானி, ஏஎஸ்350 பி3 வகை ஹெலிகாப்டரை எவரெஸ்ட் உச்சியிலேயே இறக்கிக் காட்டினார். ஆல்ப்ஸ் மலைகளில் அன்றாடம் பறப்பவற்றில் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை ஏராளம்.

கேள்வி (திருச்சி): வாசலில் உட்கார்ந்த பிறகு நான் என்ன செய்ய வேண்டும்? எம்பிக் குதிக்க வேண்டுமா?

பதில்: எம்பவே கூடாது. கதவு கழற்றப்பட்ட வாசலின் விளிம்பில் அமர்ந்து, கால்களை, ஹெலிகாப்டர் தரையில் நிற்பதற்காக அதன் அடியில் உள்ள சறுக்குச் சட்டத்தின் மேல் வைத்திருப்பீர்கள். உங்கள் தோள்களிலும் இடுப்பிலுமாக நான்கு கொக்கிகள் பயிற்றுநரோடு பிணைக்கப்பட்டிருக்கும்; அவர் ஒவ்வொன்றையும் கையால் இழுத்துப் பார்ப்பது உங்களுக்கே தெரியும். கைகளை மார்புப் பட்டையில் வைத்துக்கொண்டு, தலையைப் பின்னால் அவர் தோளில் சாய்த்து, இடுப்பை முன்னே தள்ளி, கால்களைப் பின்னோக்கி மடக்கி, அவர் சாயும்போது நீங்களும் சாய்ந்துவிட்டால் போதும்.

எம்புவது ஏன் கூடாது என்பதை நான் என் தவறிலிருந்து கற்றுக்கொண்டேன். தனியாகக் குதித்த என் முதல் ஹெலிகாப்டர் குதிப்பில், விமானத்தில் பழகிய பழக்கத்தால் சட்டத்தை உதைத்து வெளியேறினேன். உதைத்த வேகம் என் உடலைச் சுழற்றிவிட்டது. அதைத் தடுத்து நிறுத்தக் காற்று இல்லாததால் கையையும் காலையும் எவ்வளவு விரித்தும் பயனில்லாமல் மல்லாந்துபோனேன். ஹெலிகாப்டரின் அடிவயிறு சிறுத்துக்கொண்டே போவதைப் பார்த்தபடி விழுந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. ஏழெட்டு வினாடிகள் கழித்துக் காற்று வலுத்த பிறகே கவிழ முடிந்தது. இலையிலிருந்து நீர்த்துளி நழுவுவதுபோல வெளியேற வேண்டும் என்று அன்று மாலை என் பயிற்றுநர் சொன்னதையே இப்போது நான் மற்றவர்களுக்குச் சொல்லி வருகிறேன்.

கேள்வி (யாழ்ப்பாணம்): மேலே சுழலும் விசிறியில் அடிபட்டுவிடுவோமோ என்று என் மனைவி அஞ்சுகிறார்.

பதில்: குதித்த பின் அந்த அச்சத்துக்கு இடமில்லை, விசிறி உங்களுக்கு மேலே இருக்கிறது, நீங்கள் கீழே போகிறீர்கள், அது தள்ளும் காற்றும் உங்களைக் கீழ்நோக்கியே தள்ளுகிறது. கவனம் வேண்டிய இடங்கள் வேறு, அவற்றில் முதலாவது தரை. வேகமாகச் சுழலும் வால் விசிறி கண்ணுக்கே தெரியாது. ஆகவே பின்பக்கமாக ஒருபோதும் போகாமல், விமானி பார்க்கும்படி முன்பக்கமாகவோ பக்கவாட்டிலோ குனிந்தபடி, அழைத்த பிறகே நெருங்க வேண்டும். மலைச்சரிவில் நிற்கும் ஹெலிகாப்டரை மேட்டுப் பக்கத்திலிருந்து அணுகக் கூடாது. அந்தப் பக்கம் தரைக்கும் மேல் விசிறிக்கும் இடைவெளி குறைவு. தொப்பி, துப்பட்டா, சால்வை எதுவும் உடலில் தளர்வாக இருக்க வேண்டாம். தங்கை முறையான ஒரு பெண்ணின் துப்பட்டா ஹெலிகாப்டர் தளத்தில் காற்றில் எழும்பியபோது எட்டிப் பிடித்துச் சுருட்டி என் சட்டைக்குள் திணித்துக்கொண்டேன். பிறகு அன்று முழுவதும் என் கை நடுங்கியது.

இரண்டாவது இடம் ஹெலிகாப்டரின் உட்புறம். திறந்த வாசலருகே ஒரு பாராசூட் தவறுதலாக அவிழ்ந்தால் அது காற்றில் இழுபட்டு வால் விசிறியில் சிக்கக்கூடும், அப்படிச் சிக்கினால் உள்ளே இருக்கும் அனைவருக்கும் ஆபத்து. பயிற்றுநர்கள் முதுகுப்பையை எதிலும் உரச விடாமல் உட்காருவதும், ஏறுவதற்கு முன் ஒருவர் பையை மற்றவர் சரிபார்ப்பதும் இதனால்தான். எடை ஒரே பக்கமாகத் திடீரென நீங்கினால் ஹெலிகாப்டர் சாயும் என்பதால், யார் எந்தப் பக்கத்தில் எந்த வரிசையில் இறங்குவது என்பதை விமானியோடு முன்கூட்டியே பேசி முடிவு செய்துவிடுவார்கள். உங்களை ஓர் இடத்தில் உட்காரச் சொன்னால், சன்னலோரம் வேண்டும் என்று இடம் மாறாதீர்கள்.

கேள்வி (பெங்களூரு): 4,000 மீட்டரிலிருந்து குதித்தால் எத்தனை வினாடிகள் விழுவோம்?

பதில்: அந்த 4,000 என்பது கடல்மட்டத்திலிருந்தா, தரையிலிருந்தா என்று முதலில் கேளுங்கள், மலைநாட்டில் இந்தக் கேள்வி மிக முக்கியமானது. லாட்டர்புருன்னன் ஊரே ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டக் கணக்கில் 4,000 மீட்டர் என்றால், தரைக்கு மேல் 3,200 மீட்டர்தான். டேண்டம் பாராசூட்டைத் தரைக்கு மேல் சுமார் 1,500 மீட்டரில் விரிப்பார்கள். மிஞ்சும் 1,700 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 35 வினாடிகள் ஆகும். குதிக்கும் உயரத்தை 500 மீட்டர் கூட்டினால் இன்னும் ஒன்பது பத்து வினாடிகள் கிடைக்கும். இருவரின் எடையால் வேகம் கூடிவிடாமலிருக்கப் பயிற்றுநர் ட்ரோக் என்ற சிறு பாராசூட்டைப் பின்னால் எறிவார். ஹெலிகாப்டரிலிருந்து குதிக்கும்போது காற்று வரும்வரை சற்றுக் காத்திருந்தே எறிவார் என்பதால், அந்தத் தாமதத்தைக் கண்டு பதற வேண்டாம்.

கேள்வி (சேலம்): மூச்சுத் திணறுமா? மிகவும் குளிருமா?

பதில்: 4,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 61 விழுக்காடு. அங்கே சில நிமிடங்களே இருப்பதால் நலமாக உள்ளவருக்கு ஆக்சிஜன் தேவையில்லை. விழும்போது மூச்சுவிட முடியும். முடியவில்லை என்று தோன்றினால் ஒருமுறை உரக்கக் கத்துங்கள், தானாக மூச்சு வந்துவிடும். இன்டர்லாக்கனில் 25 பாகை வெயில் அடிக்கும் நாளில் மேலே 3 பாகை அளவில் இருக்கும், ஆகவே கையுறை அவசியம். சளி பிடித்திருந்தால் குதிக்காதீர்கள். இறங்கும் வேகத்தில் காதுக்குள் அழுத்தம் சமமாகாமல் கடும் வலி வரும். இதய நோய், முதுகுத்தண்டுச் சிக்கல், கர்ப்பம் ஆகியவை இருந்தால் மருத்துவரின் சொல்லே முடிவானது.

கேள்வி (புதுச்சேரி): நம் நாட்டவர் யாரேனும் ஹெலிகாப்டரிலிருந்து குதித்துப் பெயர் பெற்றிருக்கிறார்களா?

பதில்: புனேயைச் சேர்ந்த ஷீதல் மகாஜன் அவர்களை அவசியம் அறிந்துகொள்ளுங்கள். 2004 ஏப்ரல் 18 அன்று வடதுருவத்தில், ரஷ்ய எம்ஐ-8 ஹெலிகாப்டரிலிருந்து 2,400 அடி உயரத்தில் குதித்தார். அதுவே அவருடைய வாழ்வின் முதல் குதிப்பு. 2011இல் பத்மஸ்ரீ பெற்றார். 2023 நவம்பரில் எவரெஸ்ட் சிகரத்தின் எதிரே 21,500 அடியில் ஹெலிகாப்டரிலிருந்து குதித்தார். 1987இல் அமைக்கப்பட்ட இந்திய விமானப்படையின் ஆகாஷ் கங்கா குழுவினரும் எம்ஐ-17 ஹெலிகாப்டர்களிலிருந்து குதித்துக் காட்டுகிறார்கள்.

கேள்வி (சிங்கப்பூர்): முதல் குதிப்பையே ஹெலிகாப்டரில் வைத்துக்கொள்ளலாமா? கட்டணம் மிக அதிகமாக இருக்கிறதே.

பதில்: ஹெலிகாப்டருக்கு நிமிடக் கணக்கில் பணம், ஏறுவோரும் நாலைந்து பேர்தான், கட்டணம் குறைய வழியில்லை. முதல் குதிப்பில் பெரும்பாலானோருக்கு முதல் பத்து வினாடிகள் நினைவிலேயே நிற்பதில்லை. அந்தப் பத்து வினாடிகளுக்காகத்தான் நீங்கள் கூடுதல் பணம் கொடுக்கிறீர்கள். ஆகவே இயலுமானால் முதலில் விமானம், அடுத்தது ஹெலிகாப்டர் என்பதே என் ஆலோசனை. வாழ்வில் ஒரேயொரு முறைதான் குதிப்பேன் என்பவர் மட்டும் தயங்காமல் ஹெலிகாப்டரையே தேர்ந்தெடுக்கட்டும். சறுக்குச் சட்டத்தில் கால் வைத்து உட்கார்ந்திருக்கையில் 3,967 மீட்டர் உயரமுள்ள ஐகர் சிகரம் உங்கள் கண்மட்டத்தில் இருக்கும். 4,158 மீட்டர் யுங்ஃபிராவ் சற்றே நிமிர்ந்து பார்க்கும்படி நிற்கும். அந்தக் காட்சிக்கு விமானத்தின் கதவருகே அவ்வளவு நேரம் கிடைக்காது.

கேள்வி (ஈரோடு): ஒரே ஒரு நாள்தான் இன்டர்லாக்கனில் தங்குகிறோம். அன்று வானிலை சரியில்லையென்றால்?

பதில்: இரண்டு நாள்களாவது ஒதுக்குங்கள்; குதிப்பை முதல் நாள் காலையில் வையுங்கள். தெற்கிலிருந்து மலைகளைத் தாண்டி இறங்கும் ஃபோன் என்ற வெப்பக்காற்று இந்தப் பள்ளத்தாக்குகளில் திடீரென வலுப்பெறும். அன்று வானம் தெளிவாக இருக்கும், மலைகள் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், ஆனால் குதிப்பு இல்லை என்பார்கள். பாராசூட் விரிந்த பிறகு அந்தக் காற்று உங்களைப் பாறைச்சுவர் பக்கம் தள்ளக்கூடும். அவர்களிடம் வாதாட வேண்டாம். பணம் திரும்பக் கிடைக்குமா, மறுநாளுக்கு மாற்றித் தருவார்களா என்பதைப் பதிவு செய்யும்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.