காரம் எத்தனை காரம்?

இந்த வாரம் வந்த கேள்விகள் எல்லாமே 'காரம்' பற்றித்தான். மதுரையில் முப்பது வருஷம் தமிழ் எடுத்தவன் என்ற தைரியத்தில் பதில் சொல்கிறேன்.

திருமங்கலத்திலிருந்து ஓர் அம்மா: ஐயா, சோப்புத் தண்ணீருக்குக் காரத்தன்மை உண்டு என்று பாடத்தில் படித்துவிட்டு, "அப்போ சோப்பு உறைக்குமா?" என்கிறான் மகன்.

உறைக்காதும்மா, கசக்கும். குளிக்கும்போது வாயில் போனவர்களுக்குத் தெரியும். வேதியியலில் வரும் காரம் வடமொழி 'க்ஷாரம்'. சாம்பலைக் கரைத்து எடுத்த உப்பு அது. சவக்காரம், வெங்காரம், அப்பளக்காரம் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். சிவப்பு லிட்மஸ் தாளை நீலமாக்குவதும் இதுதான். நாக்கைச் சுடும் காரத்துக்கு அறுசுவை வரிசையில் கார்ப்பு என்று பெயர். அகராதிக்காரர்கள் இரண்டையும் முடிச்சுப் போடுவது உண்டு. நான் சுவைக் காரத்தைக் கார்ப்பு, கரிப்பு இவற்றின் பங்காளியாகவே எடுத்துக்கொள்வேன். தம்பியிடம் 'பேர் ஒன்று, ஆள் வேறு' என்று சொல்லுங்கள், போதும்.

மேலூர் வாசகர்: மிளகாய் வருவதற்கு முன் நமக்குக் காரமே கிடையாதா?

ஏன் இல்லை? மிளகு, திப்பிலி, சுக்கு இருந்தனவே. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியரோடு கப்பலேறி வந்தது. மிளகு போல உறைக்கும் காய் என்று பேர் வைத்து வீட்டுக்குள் விட்டோம். இன்று இராமநாதபுரம் முண்டு வத்தல் இல்லாமல் நம் பக்கம் குழம்பு ஏது? ஒரு விஷயம்: வாய் எரிந்தால் தண்ணீரைக் குடிக்காதீர்கள். மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது. பாலோ தயிரோ கேட்கும்.

மாட்டுத்தாவணிப் பக்கம் கடை வைத்திருப்பவர்: ஓமப்பொடியில் காரமே இல்லை, அதையும் 'காரம்' என்றுதானே கேட்கிறார்கள்?

கடையில் இனிப்பு இல்லாததெல்லாம் காரம், அவ்வளவுதான். சாத்தூர் காரச்சேவுக்கு மட்டும் பேர் நிஜமாகவே பொருந்தும். அப்புறம், பலகாரத்தில் இருப்பது இந்தக் காரம் இல்லை. அது 'பலாகாரம்', பழ உணவு, விரதத்துக்குச் சாப்பிட்டது.

உசிலம்பட்டி மாணவி: 'ஆ'வை ஆகாரம், 'ஐ'யை ஐகாரம் என்கிறோமே, அது எந்தக் காரம்?

எழுத்துச் சாரியை, அதாவது எழுத்தின் பேரைச் சொல்லும்போது கூடச் சேர்க்கும் ஒட்டு. குறிலுக்குக் கரம், நெடிலுக்குக் காரம். வேலைக்காரரில் வரும் 'காரர்' இதுவும் இல்லை, அது தனி விகுதி.

சோழவந்தான் வாசகர்: "சொன்னா உறைக்க மாட்டேங்குது" என்கிறாள் வீட்டுக்காரி. இது எந்த உறைப்பு?

மனசில் தைப்பது. சாப்பாட்டைச் சொல்கிறாரா உங்களைச் சொல்கிறாரா என்பதை இலையில் என்ன இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். இலையே போடவில்லை என்றால் சந்தேகம் வேண்டாம்.