உறைபனிக் காலத்தில் இளைத்த காட்டெலி: அழுத்தத்தின் அடையாளமா?

உதகைப் பக்கம் டிசம்பர், ஜனவரி உறைபனியில் கூண்டில் சிக்கும் சோலைக்காட்டு எலி இளைத்திருந்தால் அது அழுத்தத்தில் தவிக்கிறது என்று கொள்ளலாமா எனக் கேட்டிருக்கிறீர்கள். எடையை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. எலிகளின் அட்ரீனல் சுரப்பி (சிறுநீரகத்தின் மேல் இருப்பது) அழுத்தத்தின்போது முதன்மையாகச் சுரப்பது கார்ட்டிகோஸ்டிரோன் என்ற ஹார்மோன். அது ஈரலில் குளுக்கோஸ் உருவாவதைத் தூண்டி, குளிர் இரவைத் தாங்க ஆற்றல் தருவதால், சிறிது காலத்துக்கு அது உயர்வது பிழைத்திருப்பதற்கான ஏற்பாடே. நீண்ட நாள் உயர்ந்தே நின்றால்தான் தசைப் புரதம் கரையும், இனப்பெருக்கம் தளரும். அடைபட்ட சில நிமிடங்களிலேயே இரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும் (பிடிக்கும் செயலே கணக்கைக் கெடுக்கிறது!) என்பதால், கூண்டின் அடித்தட்டில் கிடக்கும் அரிசியளவுப் புழுக்கைகளைப் புதிதாகவே சேகரித்து, அவற்றில் உள்ள அந்த ஹார்மோனின் எச்சத்தைச் சோதிப்பது மேல்; அது பிடிபடுவதற்கு முந்தைய நிலையைக் காட்டும். உடல்நிலையை அறிய எடையை உடல் நீளத்தோடு ஒப்பிடுங்கள். சினை எலிகளைக் கணக்கில் தனியே வையுங்கள், இல்லையேல் குட்டிகளின் எடையும் கொழுப்பாகவே கணக்கில் சேரும்.