பேச்சு வரவில்லை, பாட்டு மட்டும் வருகிறதா?
பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்குப் பேச்சு வரவில்லை, சொன்னால் புரிகிறது, பாட்டு மட்டும் தெளிவாக வருகிறது, நடிக்கிறாரோ என்று கேட்டிருந்தீர்கள். நடிப்பெல்லாம் இல்லை சார். சொற்களைக் கோத்துப் பேசவைக்கும் இடம் பெரும்பாலோருக்கு மூளையின் இடது முன்பக்கத்தில் இருக்கிறது. 1861இல் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் கண்டு சொன்னது. புரிந்துகொள்ள உதவும் பகுதி இன்னும் பின்னால், காதுப்பக்கம். மெட்டுக்கு வலது மூளையும் கைகொடுக்கும்.

பெரம்பூரில் என் சித்தப்பாவும் இப்படித்தான். காபியா டீயா என்றால் திணறுவார். எண்ணச் சொன்னால் ஒண்ணு, ரெண்டு என்று பத்து வரை கடகடவென்று போவார். வலது கையும் தளர்ந்திருக்கிறதா? வலது கையை அசைக்கும் பகுதியும் இடது மூளையில்தான், அந்தப் பேச்சு இடத்துக்குப் பக்கத்து வீடு.

பேச்சுப் பயிற்சியாளரிடம் சீக்கிரம் காட்டுங்கள். அப்புறம், தலையாட்டிப் பதில் சொல்லும்படி கேளுங்கள். அவர் வாக்கியத்தை நீங்கள் முடித்துவிடாதீர்கள்.