அல்தேரியோவை எந்த நாட்டுக் கணக்கில் வைப்பது?

கேள்வி: எங்கள் திரைப்படக் கழகத்தில் ஸ்பானிய சினிமாவுக்கென்று மூன்று மாலைகளை ஒதுக்கியிருக்கிறோம். மூன்றிலும் எக்தோர் அல்தேரியோ நடித்த படங்களையே காட்டலாம் என்றேன். ‘அவர் அர்ஜென்டினாக்காரர் ஆயிற்றே, ஸ்பானிய வரிசையில் எப்படி வைப்பது?’ என்று குழுவில் இருவர் மறுக்கிறார்கள். நான் விட்டுக்கொடுத்துவிடலாமா? இல்லையென்றால் எந்த மூன்று படங்களைக் காட்டலாம்?
– திரைப்படக் கழகச் செயலாளர் ஒருவர்

பதில்: விட்டுக்கொடுக்க வேண்டாம். உங்கள் நண்பர்கள் சொல்லும் செய்தி சரிதான். அதிலிருந்து அவர்கள் வந்து சேரும் முடிவுதான் சரியில்லை. அல்தேரியோ 1929இல் பியூனஸ் அயர்ஸில் பிறந்தவர், அங்கே மேடை நாடகத்தில் பல்லாண்டுகள் உழைத்தவர். 1974 செப்டம்பரில், ‘லா த்ரேகுவா’ என்ற அர்ஜென்டினப் படத்துக்காக ஸ்பெயினின் சான் செபாஸ்தியான் திரைப்பட விழாவுக்குச் சென்றிருந்தபோது, ‘மூன்று ஏ’ என்று அழைக்கப்பட்ட வலதுசாரிக் கொலைப்படை அவருக்கு மரண மிரட்டல் விடுத்தது. விழாவுக்குப் போன விருந்தாளி, நாற்பத்தைந்தாம் வயதில் ஊர் திரும்ப முடியாத அகதியானார். ஸ்பெயினில் அவருடைய திரை வாழ்க்கை அப்படித்தான் தொடங்கியது.

முதல் மாலைக்குக் கார்லோஸ் சௌராவின் ‘க்ரியா குவேர்வோஸ்’ படத்தை வையுங்கள். ‘காக்கையை வளர்த்தால் அது உன் கண்ணையே பிடுங்கும்’ என்ற ஸ்பானியப் பழமொழியின் முதல் பாதிதான் படத்தின் பெயர். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்று நாம் சொல்வதற்கு அது வெகு நெருக்கம். சர்வாதிகாரி ஃபிராங்கோ மரணப் படுக்கையை நெருங்கிக்கொண்டிருந்த 1975இல் படமாக்கப்பட்டு, மறு ஆண்டு கான் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசைப் பெற்ற படம் இது. நள்ளிரவில் படியிறங்கி வரும் சிறுமி அனா, தந்தை படுக்கையில் இறந்து கிடப்பதைக் காண்கிறாள். அழவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. அருகிலிருந்த பால் தம்ளரை எடுத்துச் சென்று சமையலறையில் கழுவி, மற்றத் தம்ளர்களோடு கலந்து வைத்துவிடுகிறாள். அதில் தான் கலந்தது கொடிய நஞ்சு என்பது அவள் நம்பிக்கை. இராணுவச் சீருடையில் கிடத்தப்பட்ட அந்தத் தந்தைக்கு முத்தமிடச் சொல்லும்போதும் மறுத்துவிடுகிறாள். அந்தத் தந்தைதான் அல்தேரியோ. படத்தில் அவர் வரும் நேரமும் பேசும் சொற்களும் குறைவு. ஆனாலும் அவர் இறந்த பிறகுகூட வீடு முழுவதும் அவருடைய அதிகாரம் நிறைந்திருப்பதை உணர்கிறோம்.

இந்த இடத்தில் உங்கள் குழுவினரிடம் ஒன்றை எடுத்துச் சொல்லுங்கள். வலதுசாரிகளின் துப்பாக்கிக்குத் தப்பி வந்தவர், வந்த இடத்தில் ஃபிராங்கோவின் இராணுவ அதிகாரியாக நடிக்கிறார். நாட்டைவிட்டு வருவதற்கு முன்பே, ‘லா பதகோனியா ரெபெல்தே’ படத்தில், வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களைச் சுட்டுக்கொல்ல ஆணையிடும் தளபதியாக நடித்தவர் அவர். தன்னைத் துரத்தியவர்களின் முகத்தைத் தானே அணிந்துகொண்டு, அவர்களை வெறும் அரக்கர்களாக்காமல், குடும்பமும் பசியும் களைப்பும் உள்ள மனிதர்களாகக் காட்டிய துணிவை நான் மிகவும் மதிக்கிறேன். கொடுமை செய்பவன் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் உட்கார்ந்திருக்கக்கூடும் என்பதை அவர் அளவுக்கு உறைக்கவைத்த நடிகர்கள் மிகச் சிலரே.

பேச்சுமொழியைப் பற்றியும் கேள்வி எழும். பியூனஸ் அயர்ஸின் ஸ்பானிய மொழியும் மாட்ரிட்டின் ஸ்பானிய மொழியும் எழுத்தில் ஒன்றாயினும் செவிக்கு வேறு; ‘நீ’ என்பதற்கு அங்கே ‘வோஸ்’, இங்கே ‘தூ’. நடுத்தர வயதில் ஒரு நடிகர் தம் நாக்கை மறுபடி பழக்குவது எளிதன்று. அப்படியிருந்தும் ஹைமே சாவர்ரியின் ‘அ உன் தியோஸ் தெஸ்கோனோசிதோ’ படத்தில் கிரனாடாவில் பிள்ளைப்பருவத்தைக் கழித்த ஒரு மாயவித்தைக்காரராக நடித்து, 1977இல் சிறந்த நடிகர் விருதைப் பெற்றார். எந்த ஊரில் அகதியானாரோ, அதே சான் செபாஸ்தியானில்தான் அந்த விருது. நல்ல பிரதி கிடைத்தால் இதையே இரண்டாம் மாலைக்கு வையுங்கள். ‘எல் நீதோ’வும் அருமையான படம், முத்தமிட மறுத்த அதே அனா தோரென்ட்தான் அதிலும் சிறுமி. ஆனால் முதியவர் ஒருவருக்கும் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கும் இடையிலான ஈர்ப்பைப் பற்றிய கதை என்பதால், கலந்துரையாட நேரம் ஒதுக்காமல் அதைத் திரையிட வேண்டாம்.

மூன்றாவது படம் அர்ஜென்டினப் படமாகவே இருக்கட்டும்: லூயிஸ் புவென்சோவின் ‘லா இஸ்தோரியா ஒஃபிசியால்’. மக்களாட்சி திரும்பிய நாட்டில் 1985இல் வெளிவந்து, மறு ஆண்டு ஆஸ்கர் வென்றது. தத்தெடுத்த மகள், இராணுவ ஆட்சி காணாமற்போகச் செய்த பெற்றோரின் குழந்தையாக இருக்குமோ என்று தேடத் தொடங்குகிறாள் மனைவி (நோர்மா அலேயாந்த்ரோ); கணவனோ (அல்தேரியோ) அந்த ஆட்சியால் செழித்தவன். இறுதியில் அவன் அவளுடைய விரல்களைக் கதவிடுக்கில் வைத்து நசுக்குகிறான். ஸ்பெயினில் காட்டிய தந்தையை அல்தேரியோ தம் நாட்டுக்கே எடுத்துச் சென்ற படம் இது; இதைப் பார்க்காமல் அவருடைய ஸ்பானியப் படங்கள் பாதிதான் விளங்கும். அவரை அயலாராக ஸ்பெயின் கருதவில்லை என்பதற்கு, 2004இல் அங்குள்ள திரைப்படக் கழகம் வழங்கிய கோயா கௌரவ விருதே போதும். உங்கள் அறிவிப்பில் ‘பியூனஸ் அயர்ஸில் பிறந்த ஸ்பானியத் திரை நடிகர்’ என்று தயங்காமல் அச்சிடுங்கள்.

நான்காவது மாலை ஒன்றைக் கேட்டு வாங்க முடிந்தால், இரு நாடுகளும் சேர்ந்து தயாரித்த, 2001இல் வெளிவந்த ‘எல் இஹோ தெ லா நோவியா’ படத்தைக் காட்டுங்கள். அதிலும் மனைவியாக நடிப்பவர் அதே நோர்மா அலேயாந்த்ரோ. நினைவு மங்கிப்போன அவரை, நாற்பதாண்டுகளுக்கும் மேலாக உடன் வாழ்ந்த கணவர், தேவாலயத்தில் முறைப்படி கைப்பிடிக்க ஆசைப்படுகிறார்.