வடபழனியில் நிலவு செய்த மார்கஸ் பார்ட்லி

பழைய ஸ்டுடியோ காலத்து ஒளிப்பதிவாளர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். யோசிக்கவே வேண்டாம், மார்கஸ் பார்ட்லி.

என் அப்பா வடபழனி ஸ்டுடியோக்களில் லைட்மேனாக இருந்தவர். டிவியில் ‘மிஸ்ஸியம்மா’ (1955) ஓடி, ‘வாராயோ வெண்ணிலாவே’ வந்துவிட்டால் சத்தத்தைக் குறைக்கச் சொல்வார். “பாட்டை அப்புறம் கேட்டுக்கலாம்டா, வெளிச்சம் எங்கேர்ந்து வருதுன்னு பாரு.” அப்படித்தான் எனக்கு பார்ட்லி அறிமுகம்.

கறுப்பு வெள்ளையில் நீலம் கிடையாது. வண்ணப் படத்தில் நீலச் சாயல் கொடுத்தாலே பார்ப்பவர் இரவு என்று நம்பிவிடுவார். பார்ட்லியின் கையில் இருந்தது வெளிச்சமும் நிழலும் மட்டும்தான். பின்னாலிருந்து வரும் விளக்கு கூந்தலிலும் தோளிலும் ஒரு வெள்ளிக் கோடு போட வேண்டும். முகம் இருட்டிலும் போய்விடக்கூடாது, பகல் மாதிரியும் தெரியக்கூடாது. கொஞ்சம் கூடினால் நிலவு செத்துவிடும் என்பார் அப்பா.

பார்ட்லி 1917இல் பிறந்த ஆங்கிலோ இந்தியர். பத்திரிகைப் புகைப்படம், செய்திப்படம் என்று தொடங்கி, 1945இல் இயக்குநர் பி.என்.ரெட்டியின் ‘ஸ்வர்க்க சீமா’ என்ற தெலுங்குப் படம் மூலம் சினிமாவுக்கு வந்தார். பிறகு வடபழனியின் விஜயா - வாகினி ஸ்டுடியோவின் கண் என்றே அவரைச் சொல்லலாம். ‘பாதாள பைரவி’ (1951), அப்புறம் ‘மாயா பஜார்’ (1957). கடோத்கஜன் விருந்தில் தட்டுகளும் பலகாரங்களும் தாமாக நகர்வதை இன்றைக்கும் குழந்தைகள் வாய்பிளந்து பார்க்கிறார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலம் அது.

எனக்கென்னவோ அதைவிடப் பெரிது, அதே படத்தின் ‘ஆகா இன்ப நிலாவினிலே’ படகுப் பாட்டுதான். எண்ணூரில் வெளிப்புறத்தில் கொஞ்சம்தான் எடுத்தார்கள். மற்றதெல்லாம் ஸ்டுடியோவுக்குள், அந்தக் காட்சியைப் பின்திரையில் ஓடவிட்டு எடுத்தது. எது எண்ணூர், எது ஸ்டுடியோ என்று பிரித்துச் சொல்ல நான் பல முறை முயன்று தோற்றிருக்கிறேன்.

இப்படி நாலு சுவருக்குள் நிலவு செய்தவர், 1965இல் ‘செம்மீன்’ படத்துக்காகக் கேரளக் கடற்கரைக்குப் போய் நிஜ வெயிலையும் அலையையும் வண்ணத்தில் எடுத்தார். படம் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் பெற்றது. ‘சாந்தி நிலையம்’ (1969) அவருக்கே வண்ண ஒளிப்பதிவுக்கான தேசிய விருதைக் கொண்டுவந்தது.

‘மாயா பஜார்’ பார்ப்பதாக இருந்தால், பிற்காலத்தில் வண்ணம் ஏற்றிய தெலுங்குப் பிரதி வேண்டாம். கறுப்பு வெள்ளையில், அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். படகுப் பாட்டுக்கு மட்டும் ஒருமுறை சத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.