கட்டுத்தரைச் சுவருக்குச் சிமெண்ட் பூசலாமா?

கேள்வி: ஓமலூர் அருகே எங்கள் பாட்டனார் காலத்துச் சுண்ணாம்புக் காரை வீடும், அதையொட்டி மாட்டுக் கட்டுத்தரையும், தானியக் குதிர் வைத்த அறையும் இருக்கின்றன. கட்டுத்தரைச் சுவர் மட்டும் முழங்கால் உயரம்வரை பொரிந்து உதிர்கிறது. சிமெண்ட் பூசிவிடலாம், இல்லையேல் இடித்துவிடலாம் என்கிறார் கொத்தனார். என்ன செய்வது?

பதில்: இரண்டும் வேண்டாம். காரைச் சுவர் தரையிலிருந்து உறிஞ்சும் ஈரத்தைத் தன் மேற்பரப்பு வழியாகவே ஆற்றிக்கொள்கிறது. அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் போக வழியின்றி இன்னும் மேலே ஏறும், சில மழைக்காலங்களுக்குப் பிறகு அந்தப் பூச்சு செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு பாளம் பாளமாக விழும்.

வீட்டுச் சுவர் நன்றாயிருக்க, கட்டுத்தரைச் சுவர் மட்டும் பொரிவதற்குக் காரணம் மாடுகள்தாம். தலைமுறைக் கணக்கில் சுவரடியில் ஊறிய மூத்திரத்தின் உப்பு செங்கல்லுக்குள் தங்கி, மழையில் கரைந்து, வெயிலில் மேலே வந்து உறையும்போது பூச்சைத் தள்ளி உதிர்க்கிறது. உதிர்ந்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். மாவு போல வெள்ளையாக ஒட்டினால் உப்புப் பூத்திருக்கிறது என்று பொருள். அதைக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். உலர்ந்த துடைப்பத்தால் தட்டிக் கூட்டி அள்ளித் தொலைவில் கொட்டுங்கள்.

வெளிவாசலை உயர்த்திச் சிமெண்ட் தளம் போட்டிருந்தால், சுவரோரம் அதை வெட்டியெடுத்து, ஓட்டுத் தண்ணீர் சுவரடியில் தேங்காதபடி வாட்டம் கொடுங்கள். பழைய பூச்சைக் கொத்திவிட்டு ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிடுவது நல்லது. பிறகு நீற்றி, குறைந்தது 2 வாரம் ஊறிய சுண்ணாம்பு 1 பங்குக்கு மணல் 3 பங்கு சேர்த்துப் பூசுங்கள். சங்ககிரிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் இதற்கு ஏற்றது; உங்கள் ஊர்ப்பக்கம் வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல் மேக்னசைட் என்னும் வேறு கனிமம், சுண்ணாம்புக்கல் அல்ல, நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்தால் காரை இறுகும் என்பது உண்மைதான், ஆனால் ஈரச் சுவரை அவை காப்பாற்றா.

குதிர் அறையின் அடிப்புறக் காற்றுத் துளைகளை எலிக்குப் பயந்து அடைத்திருந்தால் திறந்து, கம்பிவலை அடித்துவிடுங்கள்.

மாடுகள் இப்போது இல்லையென்றால் கட்டுத்தரையில் விறகோ வைக்கோலோ போடலாம். உர மூட்டைகளை மட்டும் அந்தச் சுவரோரம் அடுக்காதீர்கள், உரமும் உப்புதான்.